அட்டை நட்சத்திரம்

சிங்கப்பூரில் தமிழ்த் தொலைக்காட்சிக்குக் கதை எழுதும் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கையருக்கு,

எழுதுவது யார் என்று கேட்பீர்கள். சொல்லிக்கொள்ளும்படியான ஆள் இல்லை. காத்தோங்கில் பிறந்து எழுபதைத் தொட்டவன். கடல் எங்கள் வீட்டுக்கு நடக்கிற தூரத்தில் இருந்ததையும், 1966க்குப் பிறகு மண்ணைக் கொட்டிக் கொட்டி அதை மரின் பரேடுக்கு அப்பால் தள்ளியதையும் பார்த்தவன். சாயங்காலம் ஈஸ்ட் கோஸ்ட் சாலைக் காப்பிக்கடையில் ஒரு கோப்பி ஓ, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் நாடகம். போலீஸ் நாடகம் ஓடும்போது வீட்டில் யாரும் என்னிடம் பேசக்கூடாது. இவ்வளவு ஈடுபாட்டோடு பார்ப்பவனுக்குக் குறை சொல்லவும் கொஞ்சம் உரிமை இருக்கும் அல்லவா?

குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் போலீஸ்காரர் நடக்கிறார். நடக்கிறார். நடந்துகொண்டே இருக்கிறார். பின்னால் மேளம் அதிர்கிறது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறார், துப்பாக்கியை எடுக்கிறார், கதை முடிந்துவிடுகிறது. அந்த நடை எந்த ஊரிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அறுபது வருடத்துக்கு முன்னால் ஜூ சியாட் பக்கத்துச் சந்து ஒன்றில் நானும் அதைப் பழக ஆசைப்பட்டேன். பழகத்தான் விடவில்லை.

சந்தில் நாங்கள் ஏழெட்டுப் பையன்கள். யுரேஷிய வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர், பெரனாக்கான் வீட்டு அண்ணன் தம்பி, மலாய்க்காரப் பையன்கள், நான். விளையாட்டு ஒன்றே ஒன்று: கௌபாயும் இந்தியனும். சிகரெட் அட்டையில் ஐந்து முனை நட்சத்திரம் வெட்டி, அதே பெட்டியின் ஈயத்தாளைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, ஊக்குப் போட்டுச் சட்டையில் குத்திக்கொண்டால் அன்றைக்கு அவன்தான் ஷெரீப். முறை வைத்து மாற்றிக்கொள்வார்கள். என் முறை மட்டும் வராது. கேட்டால், “நீதானே இந்தியன்?” என்பார்கள். அந்த வாதத்தை என்னால் மறுக்க முடிந்ததில்லை. பிறப்புப் பத்திரத்திலேயே அப்படித்தானே எழுதியிருக்கிறது!

ஆகவே தலையில் கோழி இறகு. ஐந்தரை மணிக்குச் சுடுபட்டு, ஆறு மணிக்கு அம்மா கூப்பிடும்வரை வடிகால் ஓரத்தில் செத்துக் கிடப்பேன். “இன்னிக்கும் செத்தியா? போய்க் குளி” என்பார் அம்மா. இந்தியாவைத் தேடிப் புறப்பட்டு வேறு கரையில் இறங்கிய கொலம்பஸின் பிழைக்காகக் காத்தோங்கில் ஒரு தமிழ்ப் பையன் நாள்தோறும் உயிரை விட்டுக்கொண்டிருந்தான்.

இந்த வித்தையை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவை ராக்ஸி திரையரங்கும் அதன் பின் வந்த தொலைக்காட்சியும். 1963 பிப்ரவரி 15ஆம் தேதி மாலை விக்டோரியா நினைவு மண்டபத்தில் கலாசார அமைச்சர் எஸ். ராஜரத்னம் சிங்கப்பூரின் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கிவைத்தார். அவர் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர் என்பதில் எங்கள் சிலோன் சாலைப் பெரியவர்களுக்குத் தனிப் பெருமை. நான்கு மொழிகளுக்கும் இடம் தந்தார்கள். ஆனால் புதிதாகத் தொடங்கிய நிலையம் எல்லா மணி நேரத்தையும் சொந்தச் சரக்கால் நிரப்ப முடியுமா? வெளிநாட்டுத் தொடர்கள் வந்தன. பெட்டி வாங்க வசதியில்லாதவர்களுக்குச் சமூக நிலையம் இருந்தது. இன்று சமூக மன்றம் என்கிறோம். பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு உட்கார, பின்னால் நாற்காலியில் பாட்டிமார். திரையில் பேசும் ஆங்கிலம் பாட்டிமாருக்கு ஒரு சொல் புரியாது. ஆனாலும் யார் கெட்டவன் என்பது எங்களுக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற பிறகு அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளைத் தொடர்களைத் தேடிப் பிடித்து மறுபடியும் பார்க்கத் தொடங்கினேன். ‘லாமேன்’ என்று ஒன்று. 1958 முதல் 1962 வரை அமெரிக்காவில் ஓடியது. அரை அரை மணியாக 156 பகுதிகள். வயோமிங்கில் லாரமி என்ற ஊர். மார்ஷல் டான் டிரூப்பாக ஜான் ரஸ்ஸல், அவருடைய இளம் உதவியாளராகப் பீட்டர் பிரவுன். இன்னொன்று ‘கன்ஸ்மோக்’. 1955 முதல் 1975 வரை இருபது ஆண்டுகள், 635 பகுதிகள், டாட்ஜ் சிட்டியின் மார்ஷல் மாட் டில்லனாக ஜேம்ஸ் ஆர்னஸ் ஒருவரே. 1957க்கும் 1961க்கும் இடையில் தொடர்ந்து நான்கு பருவங்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதுதான் முதலிடம்.

பார்க்கப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. என் நினைவில் இருந்த மார்ஷல் சுட்டுக்கொண்டே இருந்தார். திரையில் இருந்த மார்ஷலோ பெரும்பாலும் பேசிக்கொண்டிருந்தார். மருத்துவரிடம் கேட்கிறார், மதுக்கடைக்காரியிடம் கேட்கிறார், வீம்பு பிடித்த ஒருவனை வீட்டுக்குப் போகச் சொல்லிக் கெஞ்சாத குறையாகச் சொல்கிறார். காலை விந்தி நடக்கும் உதவியாளர் செஸ்டர் காப்பி போட்டுத் தருகிறார். ‘கன்ஸ்மோக்’கின் தொடக்க காலப் பகுதிகள் பலவற்றில் டில்லன் முதலில் தென்படுவதே இடுகாட்டில்தான். அங்கே கிடப்பவர்களைப் பற்றி யோசித்துக்கொண்டே கல்லறைகளுக்கு நடுவில் நடப்பார். துப்பாக்கி வந்தால் கடைசி இரண்டு நிமிடத்தில் வரும். அந்த இரண்டு நிமிடத்தைத்தான் நாங்கள் சந்துக்கு எடுத்துக்கொண்டு வந்தோம். மீதி இருபத்துச் சொச்சம் நிமிடத்தைச் சமூக நிலையத்திலேயே விட்டுவிட்டோம்.

தமிழ்த் திரையும் பெரும்பாலும் அதைத்தான் செய்தது. ‘காலம் வெல்லும்’, ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ என்று 1970களின் தொடக்கத்தில் ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய படங்களில் ஜெய்சங்கர் குதிரையேறி வந்தார். புழுதி, தொப்பி, சவுக்கு எல்லாம் இருந்தன. ரசித்தோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சட்டம் என்றால் என்ன, அதை ஒரு தனி மனிதன் எப்படிச் சுமப்பது என்ற கேள்வி குதிரையின் குளம்படியில் அமுங்கிப்போனது. அந்தக் கேள்வியை நம் மொழியில் உயிரோடு வைத்திருந்தது சிவகாசிதான். இத்தாலியில் 1948இல் பிறந்த டெக்ஸ் வில்லரை 1980களில் சிவகாசியின் லயன் காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்தது. டெக்ஸ் டெக்சாஸ் ரேஞ்சர். அதே நேரத்தில் நவஹோ மக்களின் தலைவர். அவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘இரவுக் கழுகு’. முதல் முறை அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. நட்சத்திரமும் கோழி இறகும் ஒரே ஆளிடம் இருக்கலாமா? சந்தில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே!

இனி, அந்தத் தொடர்கள் மறைத்தவற்றைச் சொல்கிறேன். நிஜமான டாட்ஜ் சிட்டியில் 1870களின் இறுதியில் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. தெரு நடுவே ஒரு பலகை. துப்பாக்கி எடுத்துச் செல்வதற்குக் கண்டிப்பான தடை என்று எழுதி, கூடவே ஒரு கசப்பு மருந்துக்கு விளம்பரமும் போட்டிருப்பார்கள். ஊருக்குள் வருகிறவன் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு வரவேண்டும். நகர மார்ஷலின் அன்றாட வேலை என்ன? தெருநாய்களை ஒழிப்பது, நடைபாதைப் பலகைகளைப் பழுது பார்ப்பது, அபராதம் வசூலிப்பது. டாட்ஜ் சிட்டி உட்பட கேன்சஸின் ஐந்து கால்நடைச் சந்தை ஊர்களில் 1870 முதல் 1885 வரை நடந்த கொலைகளை ராபர்ட் டைக்ஸ்ட்ரா என்ற வரலாற்றாசிரியர் எண்ணிப் பார்த்தார். மொத்தம் 45. தொலைக்காட்சி மார்ஷல்கள் அந்தக் கணக்கை ஒரே பருவத்தில் தாண்டியிருப்பார்கள்.

1881 அக்டோபர் 26இல் டூம்ஸ்டோன் ஊரில் நடந்த ஓ.கே. கொரால் சண்டையை எத்தனை விதமாகப் படமெடுத்தாயிற்று! நடந்தது சுமார் முப்பது விநாடி. செத்தவர்கள் மூன்று பேர். ஊருக்குள் ஆயுதம் வைத்திருக்கக்கூடாது என்ற விதியை மீறியவர்களிடமிருந்து அதைப் பறிக்கப் போன இடத்தில் மூண்ட மோதல் அது. துப்பாக்கிச் சண்டைகளின் தலைமகனாகக் கொண்டாடப்படும் சண்டையே துப்பாக்கித் தடையை நிறைவேற்றப் போய் வந்தது.

இன்னொரு மறைப்பு இதைவிடப் பெரிது. பாஸ் ரீவ்ஸ் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். 1875இல் துணை மார்ஷலானார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களைப் பிடித்துக் கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாது. பிடியாணையை யாராவது படித்துக் காட்டினால் மனப்பாடம் செய்துகொள்வார், எந்தத் தாள் யாருக்கு என்பதைத் தவறவிடமாட்டார். தன் மனைவியைக் கொன்றுவிட்டு ஓடிய சொந்த மகனையும் அவரே போய்ப் பிடித்துவந்தார். ‘தங்கப்பதக்கம்’ படத்தில் சௌத்ரியாக வரும் சிவாஜி மகனை எதிர்கொள்ளும் காட்சியில் அழுத நமக்கு இந்தக் கதையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 1950களில் மார்ஷல்களைக் குவியல் குவியலாகப் படைத்த அதே தொலைக்காட்சி இவரைக் கண்டுகொள்ளவில்லை. இவர் பெயரில் ஒரு பெரிய தொடர் வர 2023 ஆகிவிட்டது. அட்டை நட்சத்திரத்துக்கு முறை வைத்தவர்கள் எங்கள் சந்தில் மட்டும் இருக்கவில்லை.

சரி, இதற்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்? டன்மன் சாலைக்கு வாருங்கள், சொல்கிறேன்.

அந்தச் சாலையில் நீங்கள் நூறு தடவை போயிருப்பீர்கள். உணவங்காடியில் சாப்பிட்டிருப்பீர்கள். டன்மன் யார்? தாமஸ் டன்மன் 1840இல் ஒரு வணிக நிறுவனத்தில் வேலை பார்க்கச் சிங்கப்பூருக்கு வந்த இளைஞர். ஊர் அப்போது கும்பல் கொள்ளையால் நடுங்கிக்கொண்டிருந்தது. 1843இல் வணிகர்கள் கூட்டம் போட்டுக் கூச்சலிட்ட பிறகு காவல் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. பின்னாளில் இந்தத் தீவின் முதல் முழுநேரக் காவல் ஆணையரானார். 1871இல் ஓய்வுபெற்றுத் தஞ்சோங் காத்தோங்கில் தம்முடைய குரோவ் எஸ்டேட்டில் தென்னை வளர்க்கப் போனார். இன்றைய மவுண்ட்பேட்டன் சாலைக்குப் பழைய பெயர் குரோவ் சாலை. நாங்கள் ஷெரீப் விளையாடிய சந்து ஒரு நிஜ ஷெரீப்பின் தோப்புக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. நாங்களோ லாரமியையும் டாட்ஜையும் கனவு கண்டுகொண்டிருந்தோம்.

எல்லைப்புற ஊர் என்றால் எது என்று இப்போது கணக்குப் போடுங்கள். 1854 மே மாதம் ஹொக்கியன்காரர் ஒருவருக்கும் தியோச்சியூக்காரர் ஒருவருக்கும் அரிசி பேரத்தில் தகராறு. அது கலவரமாகித் தீவு முழுவதும் பரவிப் பத்து நாளுக்கு மேல் எரிந்தது. சுமார் நானூறு பேர் மாண்டார்கள். ஐந்து கேன்சஸ் ஊர்களில் பதினைந்து ஆண்டில் 45. இங்கே இரண்டு வாரத்துக்குள் நானூறு. அப்போது காவலுக்குத் தலைவராக இருந்தவர் டன்மன்தான்.

ஆனால் என்னை ஈர்த்தது கலவரம் அல்ல. டன்மன் மலாய் மொழியைக் கற்றுக்கொண்டு பேசினார். ஒவ்வொரு சமூகத்துப் பெரியவர்களோடும் பழக்கம் வைத்துக்கொண்டதால் எங்கே என்ன புகைகிறது என்பது அவருக்கு எட்டியது. தம் காவலர்களின் வேலை நேரத்தைக் குறைத்தார், கூலியை உயர்த்தினார். எல்லாவற்றையும்விட, அவர்கள் எழுதப் படிக்க வகுப்பு நடத்தினார். தம்பி தங்கைகளே, இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அமெரிக்காவில் பாஸ் ரீவ்ஸ் தாள்களை மனப்பாடம் செய்யத் தொடங்குவதற்கு முன்பே இங்கே காவலர்கள் அகரமோ அலிஃபோ ஆங்கில எழுத்தோ பழகிக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்காக டன்மனைக் கதாநாயகன் ஆக்கிவிடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அவர் காத்தது கம்பெனி ஆட்சியின் சட்டத்தை. அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்று நமக்குத் தெரியும். மார்ஷல்களின் சட்டம் நவஹோ மக்களுக்கு என்ன செய்ததோ, அதன் உறவுக்காரச் சட்டம்தான் இதுவும். அவருக்குச் சாலை இருக்கிறது, பள்ளிகள் இருக்கின்றன, அது போதும். அவருக்குப் பின்னால் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார்களே காவலர்கள், அவர்களைப் பாருங்கள். மலாய்க்காரர்கள், பாவியான்காரர்கள், மதராஸ் கரையிலிருந்து வந்த நம்மவர்கள். அவர்கள் பெயரில் சாலை இல்லை.

அவர்களில் ஒருவனை எழுதுங்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவன் என்று வைத்துக்கொள்ளலாம். பகலில் ரோந்து. இரவில், வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, எண்ணெய் விளக்கின் கீழ் தன் பெயரை எழுதிப் பார்க்கிறான். அவன் பிடிக்கவேண்டிய ஆள் அவனுடைய கப்பலிலேயே வந்தவன். அதே சமயம், மதராஸிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் விலங்கோடு கொண்டுவந்த கைதிகள் ஊருக்குச் சாலை போடுகிறார்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைக் கட்டுகிறார்கள். அந்தக் கைதிகளைக் காப்பவர்களும் கைதிகளிலிருந்தே எடுக்கப்பட்டவர்கள். ஒரு தமிழன் சீருடையில், ஒரு தமிழன் விலங்கில், இன்னொரு தமிழன் விலங்கு கழன்று கையில் பிரம்போடு. மூவரும் ஒரே கிணற்றடியில் சந்திக்கும் அரை மணி நேரத்துக்கு ஒரு துப்பாக்கியும் தேவைப்படாது.

பணம் இல்லை என்பீர்கள். அவர்களிடமும் இருக்கவில்லை. ‘லாமேன்’ பெரும்பாலும் ஒரு தெரு, ஒரு மதுக்கடை, ஒரு சிறை, அதே நாலு முகம். அந்தச் சிக்கனம்தான் அதற்குப் பலம். ஊர் சின்னதாக இருந்தால் குற்றவாளி அந்நியனாக இருக்க முடியாது; யாரோ ஒருவருடைய தம்பியாகத்தான் இருப்பான். காத்தோங்கும் அப்படிப்பட்ட ஊர்தான். செண்பக விநாயகர் கோயில் வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள், யார் யாருக்கு என்ன உறவு என்று தெரிந்துவிடும்.

இன்றைய கதை என்றாலும் இதே பேச்சுதான். 1973இல் வந்த ஆயுதக் குற்றச் சட்டத்துக்குப் பிறகு இந்த நாட்டில் ஒருவனைக் காயப்படுத்தும் நோக்கில் சுட்டாலே, ஏன், சுட முயன்றாலே மரண தண்டனை. அப்படிப்பட்ட ஊரில் வாரம் ஒரு துப்பாக்கிச் சண்டை காட்டினால் எந்தப் பாட்டி நம்புவார்? இங்கே போலீஸ்காரரின் வேலை கதவைத் தட்டுவதிலும் கேட்பதிலும் காத்திருப்பதிலும் இருக்கிறது. மலாயில் போலீஸுக்கு ‘மாத்தா மாத்தா’ என்று பெயர். நம் பெரியவர்களும் “மாத்தா வர்றான்” என்றுதான் சொல்வார்கள். மாத்தா என்றால் கண். அமெரிக்கக்காரன் சட்டைமேல் குத்திய நட்சத்திரத்தைப் பார்த்தான். இந்த மண்ணின் மக்கள் போலீஸ்காரனின் கண்ணைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். உங்கள் நாயகனின் கறுப்புக் கண்ணாடியை ஒரே ஒரு பகுதி முழுக்கக் கழற்றி வைத்துப் பாருங்களேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, கிழவனுக்குப் பொழுது போகவில்லை என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். ஒருவர் மட்டும் அந்தக் கிணற்றடிக் காட்சியை எழுதத் தொடங்கினாலும் போதும். எழுதி முடித்து, படம்பிடிக்க ஆள் குறைந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். ஷெரீப் வேடமெல்லாம் வேண்டாம். அதில் எனக்குப் பழக்கமில்லை. வடிகால் ஓரத்தில் செத்துக் கிடக்கச் சொல்லுங்கள், கிடக்கிறேன். அதில் நல்ல பயிற்சி உண்டு. யாராவது ஆறு மணிக்கு ஒரு குரல் கொடுத்தால் எழுந்துகொள்வேன்.

அன்புடன்,
ஜூ சியாட் சந்தின் பழைய இந்தியன்
காத்தோங்